ஆடி போகட்டும் என்று விட்ட பரீட்சை

போன வாரம் ஒரு கல்லூரியில் சான்றிதழ் வழங்கும் விழா. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதீர்கள். வருவதாக ஒத்துக்கொண்டிருந்த பெரிய மனிதருக்குத் திடீர்க் காய்ச்சல். கூப்பிடு தூரத்தில் இருந்தவள் நான். அவ்வளவுதான் என் தகுதி.

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள். வெளிநாட்டு மென்பொருள் கம்பெனி ஒன்று நடத்தும் பரீட்சையை எழுதித் தேறியிருந்தார்கள். ஒவ்வொருவராக மேடைக்கு வரவழைத்து நான் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வரவேற்றுப் பேசிய பெண், "அந்தக் காலத்திலேயே கணினி பயின்று, பிறகு எழுத்துலகுக்கு வந்தவர்" என்று என்னைப் பற்றி மைக்கில் சொல்ல... ஒரே கைதட்டல். எங்கே படித்தாளோ, யார் சொன்னார்களோ. மறுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பாவம், ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருப்பாள். விட்டுவிட்டேன்.

சான்றிதழ் வாங்க வந்த ஒரு மாணவி, போட்டோவுக்கு நிற்கும்போது காதோரம் கேட்டாள். "மேடம், நீங்க எந்த சர்டிபிகேட் முடிச்சீங்க?"

"முடிக்கலம்மா" என்றேன். நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். பிளாஷ் அடித்தது.

அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. நிஜமாகவே முடிக்கவில்லை. படித்தேன் — மாங்கு மாங்கென்று படித்தேன். பரீட்சையை மட்டும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அந்தப் பெண்ணிடம் மேடையில் சொல்ல முடியாததைத்தான் இந்த வாரம் உங்களிடம் புலம்பப் போகிறேன். புலம்பல் பிடிக்காதவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடலாம்.

நான் அடிப்படையில் ஒரு டைப்ரைட்டிங் டீச்சர். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியை ஒட்டி ஒரு மாடியில் எங்கள் இன்ஸ்டிட்யூட். ஓனர் வேறொருவர், சொல்லிக் கொடுப்பது நானும் ஸ்டெல்லாவும். ஸ்டெல்லா என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எல்லாப் பிள்ளைகளும் என்னை 'டீச்சர்' என்பதால் அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவளும் டீச்சர்தான் என்பது அவளுக்கு ஞாபகமே இருக்காது.

அன்றைக்கு எங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கு எப்படிப்பட்ட மவுசு என்கிறீர்கள்! பிளஸ் டூ முடித்தால் டைப். காலேஜ் முடித்தால் டைப். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற இடைவெளியிலும் டைப். விடிகிற நேரத்தில் முதல் பேட்ச் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தால் கீழே இருக்கிற டீக்கடைக்காரர், "மழை பெய்ய ஆரம்பிச்சிருச்சு" என்பார்.

எங்கள் தொழிலுக்கென்று சில கட்டளைகள் உண்டு. விரலைப் பார்க்கக் கூடாது. தாளைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற புத்தகத்தை மட்டும் பார்க்க வேண்டும். அடித்ததை அழிக்கக் கூடாது. ஒரு எழுத்து தப்பினால் மார்க் போச்சு. அதனால் பிழையே இல்லாமல் பக்கம் பக்கமாக அடிக்கிறவரை ஒரு பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம். "இந்தத் தடவை வேண்டாம்மா, அடுத்த பேட்ச்ல போ" என்று நிறுத்திவிடுவோம். பிப்ரவரியை விட்டால் ஆகஸ்ட். ஆகஸ்டை விட்டால் பிப்ரவரி. சர்க்கார் பரீட்சை எங்கே ஓடிவிடப் போகிறது?

இந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. சொல்கிறேன்.

தொண்ணூறுகள் பாதி நடந்துகொண்டிருந்தபோது எங்கள் மழை தூறலாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் 'கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்' என்று ஓடினார்கள். ஒருநாள் ஓனர் படியேறி வந்தார். தீபாவளியோடு மூடிவிடலாம் என்றிருப்பதாகச் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தெரிந்தது ஒரே தொழில். வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதுமா? போதும் என்றுதான் அவர் சொன்னார். எனக்குத்தான் போதவில்லை. சம்பளத்தைச் சொல்லவில்லை. காலையில் எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, 'வேலைக்குப் போறேன்' என்று வாசலில் சொல்வது இருக்கிறதே... அது இல்லாமல் என்னால் முடியாது.

அப்போதுதான் அந்த மேனேஜர் வந்தார். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் அவர் மேனேஜர். அவருடைய மகள் என்னிடம் டைப் படித்தவள். அந்தப் பெண்ணை நான் விரட்டி விரட்டி ஹையர் பாஸ் செய்ய வைத்ததில் அவருக்கு என்மேல் ஒரு மரியாதை.

"டீச்சர், மில்லுல கம்ப்யூட்டர் போடுதோம். ஸ்டோர்ஸ், சம்பளம், பஞ்சுக் கொள்முதல் எல்லாம் அதுக்குள்ள போகப் போகுது. ஒரு பொறுப்பான ஆளு வேணும். ஆனா ஒண்ணு, அந்த டேட்டாபேஸ் கம்பெனிக்காரன் வைக்கிற பரீட்சையை பாஸ் பண்ணியிருக்கணும்னு மெட்ராஸ்ல மொதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாக. நீங்க பாஸ் பண்ணிட்டு வாங்க. ஆவணி வரைக்கும் அந்த எடத்தை நான் வச்சிருக்கேன்."

சொன்னதோடு விடவில்லை. மில்லுக்கே கூட்டிப்போய் அந்த அறையைக் காட்டினார். கண்ணாடித் தடுப்பு. ஏ.சி. சக்கரம் வைத்த புது நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "உக்காந்து பாருங்க டீச்சர்" என்றார். உட்கார்ந்தேன். அது லேசாகச் சுற்றியது. பதறிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எழுந்திருக்கத்தான் மனசே வரவில்லை.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெங்கட்ராஜுவின் கம்ப்யூட்டர் சென்டர். மதியம் எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பேட்ச் கிடையாது. அந்த நேரத்தில் நானும் ஸ்டெல்லாவும் பஸ் ஏறி அங்கே போய்விடுவோம். ஸ்டெல்லாவுக்கு எந்த மில்லும் இடம் வைத்திருக்கவில்லை. "சும்மா ஒங்களுக்குத் துணைக்கு வாரேன் டீச்சர். தீபாவளிக்குப் பொறவு எனக்கும் ஒரு பொழப்பு வேணும்ல?" என்றாள்.

வெங்கட்ராஜு எங்கள் இருவரையும்விடச் சின்னவர். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவர். வீட்டில் தெலுங்கு. அதனால் எங்களை 'அக்கய்யா' என்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இப்போதுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வாண்டுகள். நடுவில் நாங்கள் இரண்டு பேர், கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்துவிட்ட விருந்தாளிகள் மாதிரி.

முதல் வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒவ்வொரு வரி முடிந்ததும் என் இடது கை தானாக எழும்பி, டைப்ரைட்டரை அடுத்த வரிக்குத் தள்ளுகிற, இங்கே இல்லாத லீவரை ஓங்கி ஒரு தட்டு தட்டும். காற்றுதான் இருக்கும். ஒரு தடவை பக்கத்துப் பையன் கண்ணாடி பறந்துவிட்டது. எங்கள் பழைய மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி கீ கிடையாது. 'எல்' என்ற சின்ன ஆங்கில எழுத்தை அடித்துச் சமாளிப்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் அடிக்க, கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'தப்பு, தப்பு' என்றது. வெங்கட்ராஜு கண்டுபிடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அழிக்கிற பட்டன். தப்பாக அடித்தால் அழித்துக்கொள்ளலாமாம்! எவ்வளவு வேண்டுமானாலும் அழிக்கலாமாம்! எனக்கு அதைத் தொடவே கை கூசியது. ஒரு எழுத்து பிசகினால் முழு வரியையும் முதலிலிருந்து அடிப்பேன். "அக்கய்யா, அழிக்கிறதுக்குத்தான் அதை வச்சிருக்காங்க" என்று அவர் கெஞ்சுவார். பதினைந்து வருஷத்து வைராக்கியம், லேசில் போகுமா?

படிப்பு பெரும்பாலும் பஸ்ஸில்தான் நடந்தது. ஸ்டெல்லா கேட்பாள், நான் சொல்வேன். பிறகு நான் கேட்பேன், அவள் சொல்வாள். "பிரைமரி கீ எதுக்கு டீச்சர்?" "ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா, இன்னாருன்னு பிரிச்சுக் காட்டுறதுக்கு." முன்சீட்டில் வத்திராயிருப்பு அம்மா ஒருத்தி, மடியில் மாங்காய்ப் பையோடு திரும்பினாள். "அதுக்குத்தான் எங்க ஊர்ல பட்டப்பேரு வச்சிருக்கோம்" என்றாள். கண்டக்டர் உட்படச் சிரித்தோம்.

சிரித்துச் சிரித்தே பாடம் ஏறிவிட்டது. ஆனி கடைசியில் வெங்கட்ராஜு, "ரெடி அக்கய்யா. ரெண்டு பேரும் ரெடி. மதுரைக்குப் போன் போட்டு தேதி வாங்கிரட்டுமா?" என்றார்.

இந்தப் பரீட்சைக்கு பேட்ச் எல்லாம் கிடையாது. மதுரையில் புதிதாக ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். நாம் எப்போது கேட்கிறோமோ அப்போது தேதி. போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். நாமே தேதி குறிக்கிற பரீட்சையா? அதற்குக் கட்டுகிற பணமும் கொஞ்சநஞ்சமல்ல. பெயிலானால் அதுவும் போச்சு. மாதிரித் தேர்வில் எனக்கு எப்போதும் ஒன்றிரண்டு தப்பு வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாவுக்கு என்னைவிட நிறைய வரும். "எல்லாம் சரியா வரணும்னு இல்ல அக்கய்யா. பாஸ் மார்க்கை எப்பவோ தாண்டிட்டீங்க" என்று அவர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். என் மண்டையில் ஏறவில்லை. தப்பு வருகிற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பி எனக்குப் பழக்கமே இல்லையே. அந்தப் பிள்ளை நானாக இருந்தாலும்!

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். தேதி கேட்டால் அடுத்த வாரம் கிடைக்கும், மதுரைக்குப் போய் எழுத வேண்டும் என்று. மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிக் கேட்டது ஒரே வார்த்தை.

"ஆடியிலயா?"

அவ்வளவுதான். போகாதே என்று சொல்லவில்லை. மறுபடி கல்லைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் அந்த ஒரு வார்த்தையை லபக்கென்று பிடித்துக்கொண்டேன். ஆமாம், ஆடி பிறக்கிறது! ஆடியில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? கடை திறப்பார்களா, வீடு மாறுவார்களா, பெண் பார்க்கப் போவார்களா? ஒரு தொழிலை விட்டு இன்னொரு தொழிலுக்குப் போகிறேன் — அதைப் போய் ஆடியிலா? மேனேஜரும் ஆவணி வரைக்கும் என்றுதானே சொன்னார்? ஆவணியில் முதல் முகூர்த்த நாளில் எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

மறுநாள் பஸ்ஸில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள்.

"டீச்சர், ஒங்க ஊரு ஆண்டாளே ஆடியிலதான பொறந்தாக? ஆடிப்பூரம்னு ஊரே தேரு இழுக்கீக. அவியளுக்கு ஆகுற ஆடி ஒங்களுக்கு ஆகாதாக்கும்?"

எங்கள் கோயிலை வெளியே நின்றே பார்த்த கிறிஸ்தவப் பெண்பிள்ளை என்னைப் பார்த்து ஆண்டாளை வைத்துக் கேள்வி கேட்கிறாள்! பதில் தெரியாவிட்டால் பெரியவர்கள் என்ன செய்வோம்? அதட்டுவோம். "ஏட்டி, சாமி பொறக்குறதும் நாம பரீட்சை எழுதுறதும் ஒண்ணா?" என்றேன். "நீ வேணா போயி எழுதிட்டு வா. கேள்வி எப்படி இருக்குன்னு வந்து சொல்லு."

பெருந்தன்மை மாதிரி இருக்கிறதா? இல்லை. ஆழம் பார்க்க அவளை இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். அவள் தப்பு நிறையப் போடுகிறவள். அவளுக்கு எப்படி ஆகிறது என்று பார்த்துக்கொண்டு நான் போகலாம் இல்லையா?

ராஜபாளையத்திலிருந்து மதுரை போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஸ்டெல்லா போகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டைக் கையால் தட்டினாள்.

"ஏறுங்க டீச்சர். சும்மா துணைக்காச்சும் வாங்க. அங்க போயி எடம் இருந்தா ஒங்களுக்கும் கேட்டுப் பாப்போம்."

"இன்ஸ்டிட்யூட்ட யாரு தொறக்கது? நீயும் இல்ல, நானும் இல்லன்னா?" என்றேன். மூடப்போகிற இன்ஸ்டிட்யூட்! அன்றைக்கு இரண்டு பேட்ச்சிலும் சேர்த்து ஐந்தாறு பிள்ளைகள்கூட வரவில்லை. ஒருநாள் கதவு திறக்காவிட்டால் ரத வீதி என்ன அழுதிருக்கவா போகிறது? பஸ் கிளம்பியது. அவள் பக்கத்து சீட்டில் யாரோ ஒரு ஆள் தேங்காய் மூட்டையை வைத்தார்.

சாயங்காலம் நேராக இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். படியேறும்போதே தெரிந்துவிட்டது. பாஸ்! "கடைசிப் பட்டனை அமுக்குனதும் பாஸ்னு அதுவே சொல்லிருச்சு டீச்சர். பேப்பர்ல நம்பர் தேடவேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். பொய்யில்லை, எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். "எம்புட்டோ தப்பு போட்டேன். அப்படியும் பாஸ். நீங்க கண்ண மூடிட்டு எழுதலாம்" என்றாள்.

அதற்கப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது. உடனே ஓடிப்போய் எழுதியிருக்க வேண்டியதுதானே? இல்லை. பயம் போனதும் தெம்பு வந்துவிட்டது. இவளே பாஸ் என்றால் நமக்கு என்ன அவசரம்? ஆடிப்பூரத்தன்று தேர் நிலையை விட்டுக் கிளம்பியபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டேன். ஆவணியில் நல்லபடியாகப் பரீட்சை எழுத வேண்டும் தாயே என்று, ஆடியில் தேரேறி வருகிறவளிடமே வேண்டிக்கொண்டேன். அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாள். நல்ல நேரம் பார்த்து வெங்கட்ராஜு மதுரைக்குப் போன் போட்டார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் "ம்... ம்..." என்றார். பிறகு "எப்பலேருந்து?" என்றார். போனை வைத்தவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் மேல் இருந்த துணியைச் சரிசெய்தார்.

"அக்கய்யா... அந்தப் பரீட்சைய எடுத்துட்டாங்களாம்."

"எடுத்துட்டாங்கன்னா? அடுத்தது எப்ப வைப்பாங்க?"

"வைக்க மாட்டாங்க. போன மாசத்தோட ரிட்டையர் பண்ணிட்டாங்க. புது வெர்சன் வந்திருச்சாம். இனிமே அதுக்குத்தான் பரீட்சை."

எனக்குப் புரியவே இல்லை. பரீட்சை எப்படி இல்லாமல் போகும்? நான் இருக்கிறேன், பாடம் என் தலையில் இருக்கிறது, மதுரை அங்கேயேதான் இருக்கிறது... பரீட்சை மட்டும் எங்கே போகும்? "சரி, புதுசையே எழுதுறேன்" என்றேன். புதிய வெர்ஷன் இவர் வைத்திருக்கும் மெஷின்களில் ஓடாதாம். புத்தகம் இனிமேல்தான் மெட்ராஸுக்கே வர வேண்டுமாம். "ஒரு நாலஞ்சு மாசம் ஆகும் அக்கய்யா" என்று இழுத்தார். அவர் முகமும் வெளிறித்தான் கிடந்தது. அவராவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாருக்குமே தெரியாது. பாடத்துக்குக் காலாவதித் தேதி உண்டு என்று எந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "பரீட்சைகூட ரிட்டையர் ஆகுமா? பென்சன் உண்டா அதுக்கு?" அன்றைக்கு மாமியாரே காபி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாலஞ்சு மாசம்னா மெஷினு சும்மால்லா கெடக்கும் டீச்சர்? மொதலாளி என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாக" என்றார். நியாயம்தான். வெளியே ஸ்பின்னிங் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆடியிலயும் மில்லு ஓடிட்டுத்தான டீச்சர் இருந்துச்சு?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

இப்போது யோசித்தால் ஆடியின்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிகிறது. ஆடி, அஷ்டமி, ராகு காலம், சனிக்கிழமை... இவற்றின் பெரிய வசதியே, நாம் என்ன பழி போட்டாலும் திருப்பிப் பேசாது. எனக்குப் பயம். தோற்றுவிடுவேனோ என்று பயம். டீச்சர் பெயிலாகிவிட்டாள் என்று ஊர் சொல்லுமே என்று பயம். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆடி என்று சொல்ல வெட்கமாக இல்லை. நம்மில் பாதிப் பேர் நாள் பார்ப்பது நல்ல நாளைக் கண்டுபிடிக்க அல்ல. அன்றைக்குப் போகாமல் இருக்க ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

தீபாவளியோடு இன்ஸ்டிட்யூட் மூடியது. நான் கோர்ட் வாசலில் ஒரு மெஷினைப் போட்டு, வக்கீல்களுக்கு மனு டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஊரார் வழக்கையெல்லாம் அடித்து அடித்துத்தான் எழுத்துப் பழகியது. அதிலிருந்து இந்தப் பத்தி. 'பாத்தீங்களா, எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று வாசகர்கள் சிலர் கடிதம் போடுவீர்கள், எனக்குத் தெரியும். தயவுசெய்து போடாதீர்கள். நல்லதுக்கில்லை. இந்த எழுத்து எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் ஆசைப்பட்டது அந்தக் கண்ணாடி அறைக்கு. எனக்கு அது கிடைத்திருக்க வேண்டும். நான் அதற்குத் தகுதியானவள்தான். இந்த வயதில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போனது. மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரமே, ஒருநாள் சாயங்காலம் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"டீச்சர்... அந்த மில்லுல என்னையக் கூப்பிட்டு விட்டிருக்காக. பாஸ் பண்ணவ இந்தப் பக்கத்துல நான் ஒருத்திதானாம். நான் போகமாட்டேன்னு சொல்லிரப் போறேன். அது ஒங்க எடம்."

உங்களிடம் மறைப்பானேன்? அவள் அப்படிச் சொன்னபோது ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. ஆமாம், போகாதே. எனக்கு இல்லாதது உனக்கும் வேண்டாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான் சரி என்றால் நிஜமாகவே போகமாட்டாள். அப்படிப்பட்டவள்.

"கிறுக்கச்சி" என்றேன். "எப்ப வந்து சேரச் சொன்னாக?"

"எப்ப வேணும்னாலும் வரலாமாம். அம்மா ஒண்ணாந்தேதி சேந்துக்கோன்னாக. மாசப் பொறப்பு பாத்து..."

"ஒண்ணாந்தேதியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலையில போயி நில்லு."

உள்ளேயிருந்து மாமியார், "நாளைக்கு அஷ்டமிம்மா..." என்று மெதுவாக இழுத்தார்.

"இருக்கட்டும் அத்தை. அவ போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

ஸ்டெல்லா மறுநாளே போய்ச் சேர்ந்தாள். அந்தப் புதிய வெர்ஷன் பரீட்சையையும், அதற்கப்புறம் வந்தவற்றையும் வரிசையாக எழுதினாள். கடைசியில் அந்த மில்லின் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவியாகி ஓய்வு பெற்றாள்.

அஷ்டமி அவளை ஒன்றும் செய்யவில்லை.